லாக்கப் கண்டறிவி (லினக்ஸ் கெர்னல்)

லினக்ஸ் கெர்னலில் ஒரு செயலி (சி.பி.யூ.) அடுத்த வேலைக்கு நகர முடியாமல் சிக்கிக்கொண்டால் அதைக் கண்டுபிடித்து, சிக்கிய இடத்தோடு பதிவேட்டில் எழுதும் பகுதி. கெர்னல் நிரல் செயலியை விடாமல் பிடித்துக்கொண்டு மற்ற பணிகளுக்கு இடம் தராதது சாஃப்ட் லாக்கப். குறுக்கீடுகளையும் அடைத்துவிட்டுச் சுற்றுவது ஹார்டு லாக்கப். முன்னதில் டைமர் குறுக்கீடாவது வந்துசேரும், பின்னதில் அதுவும் வராது. விடுவிக்கப்படாத ஸ்பின்லாக், முடியாத லூப், டிரைவர் பிழை ஆகியவை வழக்கமான காரணங்கள்.

சிக்கிய செயலியால் தன் நிலையைத் தானே சொல்ல முடியாது. அது நின்ற பிறகும் ஓடக்கூடிய ஒன்றைத் தேடியதுதான் இந்தக் கண்டறிவியின் வரலாறு. 2001இல் வெளியான 2.4 பதிப்பில் எக்ஸ்86 கணினிகளுக்கு என்.எம்.ஐ. வாட்ச்டாக் இருந்தது. என்.எம்.ஐ. என்பது மென்பொருளால் அடைக்க முடியாத குறுக்கீடு. அது அவ்வப்போது வந்து, டைமர் குறுக்கீடுகளின் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்க்கும்; சுமார் 5 விநாடி ஏறாவிட்டால் பிழைச் செய்தி வரும்.

சாஃப்ட் லாக்கப்புக்கான கண்டறிவியை 2005இல் ரெட் ஹாட்டின் இங்கோ மோல்னார் எழுதினார். ஒவ்வொரு செயலியிலும் உயர் முன்னுரிமை கொண்ட ஒரு த்ரெட் நேரத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். குறிப்பு 10 விநாடிக்கு மேல் பழையதாகிவிட்டால் டைமர் குறுக்கீடு எச்சரிக்கும். 2010இல் டான் சிக்கஸ் இரண்டையும் ஒரே கோப்பில் இணைத்தார். இணைந்த கண்டறிவியின் இன்றைய அளவுகள்: ஹார்டு லாக்கப்புக்கு 10 விநாடி, சாஃப்ட் லாக்கப்புக்கு அதன் இரு மடங்கு, சோதனை 4 விநாடிக்கு ஒருமுறை. செயலி ‘22 விநாடி’ சிக்கியிருந்தது என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுவதற்குக் காரணம் இந்த 20 விநாடி எல்லைதான்.

செய்தியில் செயலியின் எண், அப்போது ஓடிய பிராசஸின் பெயர், ரெஜிஸ்டர்கள், அழைப்புத் தடம் ஆகியவை இருக்கும். பெயர் வந்த பிராசஸையே குற்றவாளியாக்குவது புதியவர்கள் செய்யும் தவறு. அது வேறொரு செயலி வைத்திருக்கும் பூட்டுக்காகக் காத்துச் சுற்றிக்கொண்டிருக்கலாம். எல்லாச் செயலிகளின் தடத்தையும் சேர்த்து அச்சிடும் வசதி இதற்காகவே உண்டு. மெய்நிகர் கணினிகளில் செய்தியை இன்னும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். ஹோஸ்ட் நேரம் ஒதுக்காததால் நின்ற செயலியும் சிக்கியதுபோலவே தெரியும். பிழை உள்ளே இருக்காது.

2018இல் நேரத்தைக் குறித்துவந்த தனி த்ரெட் நீக்கப்பட்டு, கெர்னலின் செயலி-நிறுத்தும் த்ரெட்டிடம் அந்த வேலை போனது. பல ஆர்ம் சில்லுகளில் என்.எம்.ஐ. வசதி சரிவர இல்லாத குறை மட்டும் நெடுநாள் நீடித்தது. 2023இல் வந்த 6.5 பதிப்பின் ‘படி’ (buddy) முறை அதற்கு வழி செய்தது: ஒவ்வொரு செயலியும் அடுத்த செயலியின் டைமர் எண்ணிக்கை ஏறுகிறதா என்று கவனிக்கும். எல்லாச் செயலிகளும் ஒரே நேரத்தில் சிக்கினால் சொல்ல ஆளிருக்காது என்பது இதன் பலவீனம்.

சாஃப்ட் லாக்கப் கண்டறிவி வழக்கமாகச் செய்தி எழுதுவதோடு நின்றுவிடும். கணினியை அங்கேயே நிறுத்தி நினைவகப் பதிவு எடுக்க விரும்புவோர் ‘சாஃப்ட்லாக்கப் பேனிக்’ அமைப்பை 1 ஆக்கி, அந்தப் பதிவை எடுக்கும் கேடம்ப் (kdump) வசதியையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும்.