பசித்த பேயின் நகை

திருவண்ணாமலைக் கார்த்திகைப் பெருவிழாவின் ஆறாம் நாளன்று அறுபத்து மூவர் வீதியுலா வருகின்றனர். அடியார் திருமேனிகளைத் தோளிற் சுமந்து மாட வீதிகளைச் சுற்றி வருவோர் பள்ளி மாணவர்கள். அந்த அறுபத்து மூவருள் அரசர் உண்டு, வேடர் உண்டு, குயவரும் வணிகரும் உண்டு. பேய் ஒன்றும் உண்டு. வணிகன் மனைவியாக வாழ்ந்து, மாங்கனி ஒன்றால் கணவனை இழந்து, அழகிய உடம்பு இனி எதற்கென்று பேயுருவை வேண்டிப் பெற்றவர் காரைக்காலம்மையார். தம் பாடல்களில் அவர் தம்மைக் ‘காரைக்காற் பேய்’ என்றே சொல்லிக்கொள்கின்றார். புலவர்கள் தமக்குப் பட்டங்களைத் தேடிக்கொண்ட மொழியில், பேய் என்னும் பெயரைத் தாமே கேட்டுப் பெற்ற கவி அவர் ஒருவரே.

அம்மையாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய பக்தியையே பேசுவர். அவருடைய குறும்பைப் பேசுவதில்லை. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களிலே ஒரு பேய், கள்ளிச் செடியின் கவட்டில் காலை நீட்டி அமர்கின்றது. எரிந்து மிஞ்சிய கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை எழுதுகின்றது. தன் அழகில் தானே மகிழ்ந்து வெடுக்கெனச் சிரிக்கின்றது. பின்னர் எதையோ கண்டு மருண்டு துள்ளுகின்றது. துள்ளியதில் பிணத்தீ சுட்டுவிட, சினங்கொண்டு புழுதியை வாரி இறைத்து அந்தத் தீயை அணைக்கப் பார்க்கின்றது. வேறொரு பாட்டிலே பேய்த்தாய் ஒருத்தி தன் குழந்தைக்குப் பாலூட்டி, ‘காளி’ என்று பெயரும் இட்டு வளர்த்துவிட்டு எங்கோ போய்விடுகின்றாள். தாய் வரக் காணாத பிள்ளை அழுதழுது உறங்கிவிடுகின்றது. இறைவன் ஆடும் அரங்கைக் காட்ட வந்த கவி, அரங்கின் ஓரத்தில் நின்று இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றார். சோழர்காலச் செப்புத் திருமேனிகள் அவரை எலும்பும் தோலுமாக, கையில் தாளத்துடன் காட்டுகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்சிற்பத்திலும் ஆடவல்லானின் அடியருகே தாளமிடும் பேயாக அவர் அமர்ந்திருக்கின்றார்.

தமிழ்க் கவிதையில் பேய்க்கு இடம் புதிதன்று. அலகை, கழுது, கூளி, குணங்கு, மண்ணை எனப் பல பெயர்கள் அதற்கு வழங்கின. தொல்காப்பியப் புறத்திணையியல், போர்க்களத்தில் புண்பட்டுக் கிடக்கும் மறவனை இரவெல்லாம் பேய் காத்து நிற்பதையும் ஒரு துறையாகச் சொல்கின்றது. சுற்றமும் படையும் போய்விட்ட களத்தில், சாகக் கிடப்பவனுக்குத் துணை பேய்தான். திருமுருகாற்றுப்படையின் பேய்மகளோ, முருகன் சூரனை வென்ற களத்தில் துணங்கைக் கூத்தாடுகின்றாள். அஞ்சத்தக்க உருவம் அவளுடையது. ஆயினும் வெற்றியை முதலில் ஆடிப் பாடுபவள் அவளே.

பூதம் சற்று வேறானது. சிலப்பதிகாரத்தின் சதுக்கப்பூதம் ஊர்ச் சந்தியில் நின்று, பொய்ச்சான்று கூறுவோரையும் தவவேடத்தில் மறைந்து தீமை செய்வோரையும் பாசத்தால் கட்டி அடித்துத் தின்பேன் என்று நாற்காதம் கேட்க முழங்கும். பத்தினி ஒருத்தியின்மேல் பொய்க்கரி சொன்னவனை அது பிடித்துக்கொண்டபோது, அவன் தாயின் துயரத்தைக் கண்ட கோவலன், “அவன் உயிருக்கு என் உயிரைக் கொள்” என்று வேண்டினான். பூதம் மறுத்துவிட்டது. கீழ்மகன் உயிருக்காக நல்லவன் உயிரை வாங்குவது அதற்கு அறமாகத் தோன்றவில்லை. பூதம் காவல் அதிகாரியைப் போன்றது. நகைச்சுவைக்கு அதனிடம் இடமில்லை. சிரிக்கும் உரிமையைத் தமிழ்ப் புலவர்கள் பேய்க்கே கொடுத்தார்கள். பசியையும் அதற்கே கொடுத்தார்கள்.

இவ்விரண்டும் ஓரிடத்தில் பொங்கி வழிவது செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில். முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1110ஆம் ஆண்டையொட்டி, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சோழப்படை கலிங்கத்தை வென்றது. திறை கொடாத அனந்தவன்மனை அடக்கியதே அப்போரின் வரலாறு. பள்ளிப் பாடங்களில் இந்நூல் அரசனின் வெற்றியைப் பாடும் நூலாகவே கற்பிக்கப்படுகின்றது. நூலைத் திறந்து படிப்பவரோ நெடுநேரம் பேய்களோடுதான் இருக்க வேண்டும். மன்னன் அவைக்கு வருமுன் பேய்கள் வந்துவிடுகின்றன. போர் முடிந்த பின்னரும் அவை போவதில்லை.

அந்தப் பேய்களின் தோற்றத்தைச் செயங்கொண்டார் வருணிப்பதில் அச்சத்தைவிட நகைப்பே மிகுதி. பாசி படிந்த மூக்குத் துளைக்குள் ஆந்தை குடியிருக்கும். காதுக்குள் வௌவால் உலாவும். அதன்பின் அவர் செய்வதுதான் வியப்புக்குரியது. ஒவ்வொரு பேயின் உடற்குறைக்கும் அவர் ஒரு போரைக் காரணமாக்குகின்றார். சக்கரக்கோட்டத்துக் களத்தில் கொதித்த கூழ் தெறித்து ஒன்றுக்கு ஒரு கண் போயிற்று. கடாரத்தை அழித்த நாளில் குருதி வெள்ளத்தில் ஆடியும் நீந்தியும் வாதம் கண்டு ஒரு குடி முழுவதும் கூன்முதுகாயிற்று. பல்லரிசி குற்றும்போது உலக்கை விழுந்து மற்றொன்று முடமாயிற்று. கடாரம் என்றால் முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பு நினைவுக்கு வரும். சக்கரக்கோட்டம் என்றால் குலோத்துங்கன் இளமையில் பெற்ற வெற்றி. கல்வெட்டு மெய்க்கீர்த்திகள் வரிசைப்படுத்தும் அதே வெற்றிகளை இந்நூல் கூன், குருடு, முடம் என்று வரிசைப்படுத்துகின்றது. மெய்க்கீர்த்தி வென்ற ஊரைச் சொல்லும். பேயின் உடம்பு அந்த வெற்றியின் தழும்பைக் காட்டும். இதனைப் புலவர் அறிந்தே செய்தாரா என்று கேட்போர் உளர். இத்தனை பேய்களுக்கு இத்தனை களங்களைப் பொருத்திய ஒருவர் அறியாமல் செய்தார் என்பதை நம்புவது கடினம்.

குறும்பின் உச்சம் இந்திரசாலப் பகுதி. காளியின் சினத்துக்கு அஞ்சி இமயத்துக்கு ஓடிப்போய் ஒளிந்த முதுபேய் ஒன்று, அங்கே மாயவித்தை கற்றுத் திரும்பி வருகின்றது. அவை நடுவில் நின்று யானைத் துதிக்கைகளைக் கையில் காட்டுகின்றது. கை மாற்றினால் அவை வேறொன்றாகின்றன. அடுத்துப் பெரும் போர்க்களம் ஒன்றையே வரவழைத்துவிடுகின்றது. குருதி ஆறு, நிணக்குவியல், ஆடும் குறையுடல்கள். நெடுநாள் பட்டினி கிடந்த பேய்க்கூட்டம் பாய்கின்றது. ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றது. வெறுங்கையை முகந்து முகந்து வாயில் கொட்டிக்கொள்கின்றது. எல்லாம் பொய். இனி இந்த வித்தையைக் காட்டினால் செத்துப்போவோம் என்று பேய்கள் காளியிடம் மன்றாடும்போது, அதுவரை சிரித்த படிப்பவர் வாய் மூடிக்கொள்கின்றது.

ஆங்கில நாடகத்தில் ஷேக்ஸ்பியர் படைத்த ‘பக்’ என்னும் குறும்புச் சிறுதேவன் இதற்குச் சற்றேறக்குறைய ஐந்நூறு ஆண்டு பிந்தியவன். ‘நடுவேனில் இரவுக் கனவு’ 1595ஆம் ஆண்டையொட்டி எழுதப்பெற்றது. காதலர் கண்ணில் பூச்சாற்றை மாற்றிப் பிழிவதும், நெசவாளி ஒருவன் தலையைக் கழுதைத் தலையாக்குவதும் அவன் விளையாட்டு. அவனுக்கு வயிறு இல்லை. தமிழ்ப் பேய்க்கு வயிறு உண்டு. அவ்வயிறு முதுகோடு ஒட்டியும் கிடக்கின்றது.

போர் முடிந்ததும் களத்தில் கூழ் அடுகின்றார்கள். போர்முரசு உரலாகின்றது, யானைக் கொம்பு உலக்கையாகின்றது, விழுந்தோர் பல்லே அரிசியாகின்றது. பந்தியில் பார்ப்பனப் பேயும், சமணப் பேயும், புத்தப் பேயும், கனாக்கண்டு எழுந்த பேயும் வரிசையாக அமர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஒழுக்கப்படி கூழ் வார்க்கப்படுகின்றது. இது எளிய கேலி என்று தள்ளிவிடலாம். ஆனால் இதற்குச் சற்று முன்னேதான், தோற்றோடிய கலிங்க வீரர்கள் தலைமயிர் பறித்துச் சமணர் என்றும், வில்நாணை மடித்து முப்புரிநூலாக்கிப் பார்ப்பனர் என்றும், செந்நீர் தோய்ந்த கொடித்துணியைப் போர்த்துச் சாக்கியர் என்றும், யானைமணியைத் தாளமாக்கிப் பாணர் என்றும் சொல்லி உயிர் பிழைத்த காட்சி வருகின்றது. உயிர் பிழைக்க மனிதன் போட்ட அதே வேடங்கள் பேய்ப்பந்தியில் உண்ண அமர்ந்திருக்கின்றன. இரண்டையும் இணைத்துப் படிப்பவருக்குக் கேலி யார்மீது என்பது விளங்கும். ஓடுகிறவன் பாணனாக நடித்துப் பிழைத்தான் என்ற இடத்தில், பாடிப் பிழைத்த புலவர் ஒருவர் தம்மையும் சற்றே பார்த்துக்கொண்டார் என எண்ண இடமுண்டு.

பரணி இத்துடன் நிற்கவில்லை. ஒட்டக்கூத்தர் தக்கயாகப்பரணியில் தக்கன் வேள்விக்களத்துக்குப் பேய்களை அழைத்துச் சென்றார்; உ. வே. சாமிநாதையர் அந்நூலை 1930இல் பதிப்பித்தார். தத்துவராயரோ மோகவதைப் பரணியும் அஞ்ஞவதைப் பரணியும் பாடி, போரையே உள்ளத்துக்குள் மாற்றிவிட்டார். அங்கே மடிவது மோகமும் அஞ்ஞானமும். மனித உடல் விழாத களத்தில் பேய்க்குப் பழைய வேலை இல்லை.

இந்தப் பேய்க்கூட்டம் திருவண்ணாமலைக்குத் திரும்பி வருவது அருணகிரிநாதர் வாக்கில். அவர் இவ்வூரினர் என்பது மரபு. வல்லாள கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கியதும், சம்பந்தாண்டானுடன் நேர்ந்த வாதில் கம்பத்து இளையனாராக முருகன் தூணில் தோன்றியதும், கிளியுருவில் அவர் கோபுரத்தில் தங்கியதும் ஊரார் வாய்மொழியில் உள்ள கதைகள். அவர் காலத்தைக் கணிக்கக் கிடைத்த சான்றுகளுள் ஒன்று, திருப்புகழில் அவரே குறிப்பிடும் பிரபுடதேவராயர் பெயர். அம்மன்னரை 1446இல் மறைந்த விசயநகர வேந்தர் இரண்டாம் தேவராயராகக் கொள்வர். வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஏடு தேடித் தொகுத்த திருப்புகழ் 1894இலும் 1901இலும் இரு பகுதிகளாக அச்சேறியிராவிட்டால், இந்தச் சந்தக்கடலில் பெரும்பகுதி கிடைத்திராது.

அருணகிரியாரின் திருவகுப்புகளில் பூத வேதாள வகுப்பு ஒன்று, அலகைகளுக்கு மூன்று. பொருகளத்து அலகை வகுப்பு, செருக்களத்து அலகை வகுப்பு, போர்க்களத்து அலகை வகுப்பு என்பன அவை. ஒரே பொருளை ஒருவர் மூன்று முறை பாடினார் என்றால் அதில் அவருக்கு இருந்த ஈடுபாடு சிறிதன்று. அசுரரை முருகன் அழித்த களத்தில் அலகைகள் கூத்தாடுகின்றன. திருமுருகாற்றுப்படையின் பேய்மகள் ஆடிய அதே களம்தான். இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. இங்கே திறை கேட்கும் சோழன் இல்லை. தப்பி ஓடும் கலிங்கனும் இல்லை. செயங்கொண்டாரிடம் இருந்த கேலி இவரிடம் குறைவு. அதன் இடத்தைத் தாளம் எடுத்துக்கொண்டது. பொருள் கூறுவதற்கு முன்பே காலை அசைக்கச் செய்யும் அந்தச் சந்தத்துக்குப் பேயின் கூத்து மிகப் பொருந்தியது. கையில் தாளத்துடன் அமர்ந்த காரைக்காற் பேயின் வழி இதுவென்றால் மிகையன்று. ஆனால் பசி தீர்ந்த பேய் பக்தனாகிவிடுகின்றது. பக்தனான பேய்க்குக் குறும்பு செய்ய நேரமில்லை. இது குறையா என்பதில் சுவைஞர் கருத்து வேறுபடலாம். பரணியின் பேயோடு பழகியவர்களுக்கு அந்த முதுபேயின் கள்ளச்சிரிப்பு இங்கே இல்லாதது தெரியத்தான் செய்யும்.

அந்தச் சிரிப்பு ஏட்டிலிருந்து இறங்கி வேறு வழியில் போயிற்று. குள்ளத்தைக் குறிக்கும் ‘குறள்’ என்ற சொல், வள்ளுவர் யாப்பால் உலகப் புகழ் பெற்றது. அதன் உறவான ‘குறளி’ தெருவில் தங்கிவிட்டது. சொன்னதைச் செய்யும், பொருளை மறைக்கும், மறைத்ததைக் கொண்டுவரும் குட்டிப்பேய் குறளி. அதனை ஏவி நடத்துவதாகச் சொல்லிக் காட்டும் கண்கட்டுவித்தை குறளிவித்தை. இமயத்தில் முதுபேய் கற்றுவந்த இந்திரசாலத்தின் ஏழைப் பேரப்பிள்ளை அது. வித்தைக்காரர் வட்டமாகக் கூட்டத்தை நிறுத்துவார். ஒருவனைத் தரையில் கிடத்திப் போர்வையால் மூடுவார். எதிரே நிற்பவர் மடியில் இருக்கும் நாணயம் எத்தகையது, கையில் என்ன, சட்டை என்ன நிறம் என்று கேட்பார். போர்வைக்குள்ளிருந்து விடை வரும். கூட்டம் வியக்கும், சிறுவர்கள் பின்வாங்குவர். போர்வைக்குள் குறளி பேசுவதாக நம்பிக்கை. போர்வையை விலக்கினால் எழுந்து நிற்பவன் பத்து வயதுப் பையன். தட்டேந்திக் கூட்டத்தைச் சுற்றி வருபவனும் அவனே.