முறிந்த எலும்பும் தேய்ந்த மூட்டும்

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதிக்குப் போகிற சாலையில், திருப்பதிக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் புத்தூர். மாமரத்திலிருந்து விழுந்தவர், பைக்கில் சறுக்கியவர், பள்ளிக்கூட மைதானத்தில் கையை முறித்துக்கொண்ட பிள்ளை என்று தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். பச்சிலையை அரைத்துப் பூசி, முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவி, துணி சுற்றி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி அனுப்புவார்கள். ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை இல்லாத தமிழ்நாட்டு நகரம் குறைவு.

அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் திருப்பதி. எலும்பு மூட்டுச் சிகிச்சைக்கென்றே தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனை அங்கே இருக்கிறது. 1993-இல் தொடங்கிய ஸ்விம்ஸ், அரசின் ரூயா மருத்துவமனை ஆகியவையும் இருக்கின்றன. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சிஎம்சி இன்னும் பக்கம். ஆக, இந்த வட்டாரத்துக் குடும்பம் ஒன்று எலும்புக்காகத் தட்டுவதற்கு இரண்டு கதவுகள் உண்டு. பேரன் கையை முறித்துக்கொண்டால் புத்தூர்; பாட்டிக்கு முழங்கால் போய்விட்டால் கடைசியில் திருப்பதி. அந்தக் ‘கடைசியில்’தான் என் கவலை.

புத்தூர் இந்த வட்டாரத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் எளியது: கட்டு, அசைக்காதே, காத்திரு, கூடிவிடும். முறிந்த எலும்புக்கு அது சரியான பாடம். எலும்புக்குள் ரத்த ஓட்டம் உண்டு. முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அதன்மேல் மெல்லிய எலும்புத் திசு படர்ந்து, ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் இறுகிவிடும். நேராகப் பிடித்து அசையாமல் வைப்பதுதான் வைத்தியரின் வேலை. மிச்சத்தை உடம்பே செய்துகொள்கிறது. காலம் நோயாளியின் பக்கம் நிற்கிறது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ, முறிவு மூட்டுக்குள் ஓடினாலோ, வயதானவரின் இடுப்பெலும்பு முறிந்தாலோ கட்டு போதாது. கட்டியபின் விரல் மரத்து நீலம் பாரித்தால் அந்த நிமிடமே அவிழ்க்க வேண்டும். இவற்றைத் தவிர்த்த எளிய முறிவுகளில் காத்திருப்பவர் தோற்பதில்லை.

தேய்ந்த மூட்டின் கணக்கு நேர் எதிரானது. தொடையெலும்பின் முனையிலும் கால் எலும்பின் தலையிலும் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால் தேய ஆரம்பிக்கும்போது அது வலிப்பதில்லை. ரத்தம் இல்லாததால் தேய்ந்தது திரும்ப வளர்வதில்லை. வலி என்று ஒருவர் உணர்வதற்குள் அடியிலுள்ள எலும்பும் மூட்டின் உறையும் பாதிக்கப்பட்டிருக்கும். இதற்குக் கட்டுப் போட்டு ஒன்றரை மாதம் படுக்கவைத்தால் மூட்டு கூடாது. தொடைத் தசைதான் வற்றும். அந்தத் தசைதான் முழங்காலைத் தாங்குகிற முதல் ஆள்.

ஆனாலும் முறிவுக்குக் கற்ற பாடத்தையே நம் பெண்கள் தேய்மானத்துக்கும் எடுத்துப்போகிறார்கள். ‘கொஞ்ச நாள் கட்டுப் போட்டுப் பார்க்கலாம்’, ‘பொங்கல் கழியட்டும்’, ‘சின்னவள் கல்யாணம் முடியட்டும்’. வேர்க்கடலைக் கொல்லையில் குந்திக் களை பறித்தவர்கள், தொழுவத்தில் குந்திப் பால் கறந்தவர்கள், அடுப்படியில் தரையில் உட்கார்ந்து எழுந்தவர்கள். இவர்கள் வலியைக் குறையாகச் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. மருத்துவர் ‘ரொம்ப வலிக்குதாம்மா?’ என்று கேட்டால், ‘பரவாயில்ல சாமி’ என்பார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் வேறாக வரும். ராத்திரி புரண்டு படுத்தால் விழிப்பு வருகிறதா? கடைக்குப் போகிற வழியில் எங்கே நிற்கிறீர்கள்? கழிப்பறையில் எதைப் பிடித்து எழுகிறீர்கள்? ‘கதவுத் தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டுதான் எழுந்திருக்கிறேன்’ என்று ஒரு அம்மா சொல்லும்போது பக்கத்தில் நிற்கிற மகன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பான். ஒரே வீட்டில் இருந்தும் அவனுக்கு அது தெரிந்திருக்காது.

தாமதத்தின் விலையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முழங்கால் முழுக்க நீளாமல் மடங்கியே இறுகிவிடுகிறது. கால் வில்லாக வளைகிறது. வளைந்த பக்கத்து எலும்பே தேய்ந்து பள்ளமாகிறது. அப்போது மூட்டு மாற்று அறுவையில் அந்தப் பள்ளத்தை நிரப்பக் கூடுதல் உலோகத் துண்டுகள் வைக்க வேண்டியிருக்கும். ஒரு காலைக் காப்பாற்றப் போய் மறு காலில் சாய்ந்து அதுவும் கெடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி வருடக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரை சிறுநீரகத்தில் கைவைக்கிறது. மூட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் முதலில் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கிற நிலை வருகிறது. அறுவைக்குப் பின் கால் எவ்வளவு மடங்கும், எவ்வளவு நீளும் என்பது, அறுவைக்கு முன் அது எவ்வளவு மடங்கியது என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. இறுகிய காலோடு போனவருக்குப் புது மூட்டு வந்தும் பழைய இறுக்கம் முழுசாக விடுவதில்லை.

மறுபக்கத் தவறும் உண்டு. எக்ஸ்ரேயில் இடைவெளி குறைந்திருப்பதைப் பார்த்த மாத்திரத்தில், ஐம்பது வயதில், நன்றாக நடமாடுகிறவருக்கே மாற்று மூட்டு பேசப்படுகிறது. எக்ஸ்ரே அறுவைக்கான உத்தரவு இல்லை. தேய்மானத்தைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை தரம் பிரிக்கும் முறை 1957-லிருந்து இருக்கிறது. நான்காம் தரத்தில் இருந்தும் சந்தைக்கு நடந்து போய் வருகிறவர் உண்டு, இரண்டாம் தரத்தில் முனகுகிறவரும் உண்டு. பிரிட்டிஷ் பதிவுகளை வைத்து 2017-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்று அவசரத்தின் விலையைத் தெளிவாக்கியது. எழுபதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களில் வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படுவோர் சுமார் 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் அது 35 சதவீதம் வரை போகிறது. இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம், செலவும் அதிகம். மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்பதையும், தேய்மானம் குறைவாக இருக்கும்போதே மாற்றியவர்களிடம் அந்த ஏமாற்றம் கூடுதல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு தவறுகளையும் ஒரே தராசில் வைத்த ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியானது அது. பலன் கிடைத்திருக்கக்கூடியவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் உரிய காலத்துக்குமேல் தள்ளிப்போட்டிருந்தார்கள். செய்துகொண்டவர்களில் கால்வாசிப் பேர் அவசரப்பட்டிருந்தார்கள். அங்கேயே இப்படி என்றால், ‘பரவாயில்ல சாமி’ என்கிற நம் ஊரில் தராசு எந்தப் பக்கம் தாழும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தாமதம்தான் நம் முதல் நோய்.

அதற்காக வலி என்றதும் மேசையில் ஏறச் சொல்லவில்லை. டென்மார்க்கில் நூறு பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான சோதனையில், பாதிப் பேருக்கு அறுவையும் அதன்பின் பயிற்சியும், மீதிப் பேருக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து மட்டும். அறுவைக்குப் போனவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. கடுமையான பக்க விளைவுகளும் அவர்களுக்கே அதிகம். அறுவை இல்லாத குழுவில் ஓராண்டுக்குள் கால்வாசிப் பேர்தான் அறுவையைக் கேட்டு வந்தார்கள். ஆகவே மூன்று மாதம் ஒழுங்காகத் தொடைத் தசைப் பயிற்சி செய்வது, எடையைக் குறைப்பது, கைத்தடி பிடிப்பது என்பதெல்லாம் காலத்தைக் கடத்துகிற வேலை இல்லை. தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம்மில் பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். தேய்ந்த மூட்டைத் துளையிட்டுக் கழுவிவிடுகிற அறுவை மட்டும் வேண்டாம். வெறும் தோலைக் கீறிவிட்ட போலி அறுவையைவிட அது மேலாக இல்லை என்று 2002-லேயே ஹூஸ்டனில் காட்டிவிட்டார்கள்.

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு சோதனைக் களமும் இருக்கிறது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388. அலிபிரிப் பாதையில் கடைசிச் செங்குத்து ஏற்றத்துக்கு மோகாள்ள பர்வதம், முழங்கால் மலை என்று பெயர். மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் இராமானுசர் முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதீகம். சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் தாங்குவது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு, படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல், இறங்கும்போது மூன்றரை. மலை ஏறமுடியவில்லை என்பது மட்டும் அறுவைக்குக் காரணமாகாது, பேருந்து இருக்கிறது. வீட்டு வாசலின் மூன்று படியில் பக்கவாட்டாகத் திரும்பி, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறார் என்றால் அதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம். அதோடு ராத்திரி வலியும், பயிற்சிக்கும் மருந்துக்கும் மசியாத நாட்களும் சேர்ந்து, நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயும் எலும்போடு எலும்பு உரசுவதைக் காட்டினால், பேச வேண்டிய வேளை வந்துவிட்டது. எக்ஸ்ரேயைப் படுக்கவைத்து எடுத்தால் இடைவெளி இருப்பதுபோல் ஏமாற்றும். நிற்கவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பேச்சு என்றால் நாள் குறிப்பது இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும், சொத்தைப் பல்லைச் சரிசெய்யவும், காலில் புண் இருந்தால் ஆற்றவும் அவகாசம் வேண்டும். சூடான பற்றுப் போட்டுத் தோல் கொப்புளித்த காலோடு வந்தால் தோல் ஆறும்வரை மருத்துவர் கத்தியைத் தொடமாட்டார். மூட்டுக்குள் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மூன்று மாதம் பொறுக்கச் சொல்வார், கிருமித்தொற்று பயத்தால். இரண்டு முழங்காலும் போயிருந்தால் ஒரே நாளில் செய்துதான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000 அக்டோபரில் இடது முழங்காலையும் 2001 ஜூனில் வலதையும் மும்பையில் மாற்றிக்கொண்டார். புது மூட்டோடு நடக்கலாம், படி ஏறலாம், வயலைச் சுற்றி வரலாம். குந்துவதும் தரையில் சம்மணமிடுவதும் பெரும்பாலோருக்கு இல்லை. மேற்கத்திய கழிப்பறையை வீட்டில் கட்டிவிட்டு அப்புறம் நாள் பாருங்கள்.

பணத்துக்குப் பயந்து ஒதுங்கியவர்களுக்கு ஒரு செய்தி. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் உள்வைப்புகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகை அதற்கு முன் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. உச்சவரம்பில் அது வரி நீங்கலாக 54,720 ரூபாய் ஆனது. மருத்துவமனைக் கட்டணம் இதில் சேராது. ஆனாலும் உள்வைப்பின் விலையைத் தனியாக எழுதிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சித்தூருக்கோ நகரிக்கோ வரும்போது அம்மாவைப் பலகையில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முழங்காலின் பின்பக்கத்தால் பலகையை அழுத்தச் சொல்லுங்கள். முழுபலத்தோடு அழுத்தியும் அடியில் உங்கள் கை தாராளமாக நுழைந்தால், கால் இறுக ஆரம்பித்துவிட்டது. அந்த விடுமுறையிலேயே மூட்டு மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.