146,679: ஓர் எண்ணின் கணக்கு

எம்மில் பலருக்கு மனப்பாடமான எண் 146,679. கணிதத்தில் இது ஓர் ஒற்றை எண். இலக்கங்களின் கூட்டுத்தொகை 33 என்பதால் 3 ஆல் மீதியின்றி வகுபடும். முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதினால் 3 × 13 × 3,761. மொத்தக் காரணிகள் 8. தன்னைத் தவிர்ந்த ஏழையும் கூட்டினால் 63,993. அது எண்ணைவிடச் சிறியது என்பதால் இது ‘குறைவெண்’ வகை. பெரும்பாலான எண்கள் இவ்வகையே.

இதைத் தனித்து நிறுத்துவது, இது பிறந்த கழித்தல். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர், கச்சேரிகளின் கணக்கின்படி 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர், ஐ.நா. கணக்கின்படி 282,380 பேர். மிகுதி 146,679. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் இதை வைத்து, இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

ஆகவே இது கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையாக முன்வைக்கப்பட்டதல்ல. கணக்கில் வராதோரின் எண்ணிக்கை. இதை மறுப்பவர், அந்த இரண்டு எண்களில் எது பிழை என்று காட்டவேண்டும். கழித்தலை நான் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். விடை சரி.