பூப்போட்ட காகிதத்தில் ஒரு கிறிஸ்துமஸ்: ஒட்டுதல், மறைத்தல், வரலாறு

1

சென்ற டிசம்பர் முதல் வாரத்தில் தம்பி மகள் ஒரு வேலையோடு வந்து நின்றாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 'எங்கள் வீட்டுப் பண்டிகை' என்ற தலைப்பில் ஸ்கிராப் புக்கில் ஒரு பக்கம் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய போட்டோ ஒன்று, அதைச் சுற்றி அலங்காரம், கீழே நான்கு வரி. சிங்கப்பெருமாள் கோயில் கடைத்தெருவில் வாங்கிய மூன்று தாள்களைச் சுருட்டிக் கொண்டு வந்திருந்தாள். ஒன்றில் சிவப்புத் தரையில் முள்முள்ளாய்ப் பச்சை இலை, நடுநடுவே குன்றிமணி போலப் பழம். இன்னொன்றில் தங்க மணிகளும் பனித் துகளும். மூன்றாவது பச்சைக் கட்டம். "எல்லாமே கிறிஸ்துமஸ் பேப்பர்தான் அத்த. கடக்காரரே எடுத்துக் குடுத்தாரு" என்றாள்.

போட்டோ 1993 டிசம்பர் 25 அன்று எடுத்தது. எங்கள் பழைய கூரை வீட்டு வாசல். மூங்கில் தப்பையில் காற்றாடித் தாள் ஒட்டிய ஐந்து மூலை ஸ்டார். அதன் கீழே பூப்போட்ட நைலக்ஸ் புடவையில் அம்மா, வெள்ளை வேட்டியில் அப்பா, இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நான். பின்னால் இரண்டு பனைமரமும் மழைக்குப் புல் முளைத்த மேட்டு நிலமும்.

பசை தடவுவதற்கு முன் சிவப்புத் தாளின் மேல் போட்டோவை வைத்துப் பார்த்தோம். அம்மாவின் புடவைப் பூவும் காகிதத்தின் பூவும் ஒன்றாகிவிட்டன. அம்மாவைக் காணோம். வெள்ளை வேட்டி மட்டும் தனியாக நின்றது. "ஆயா எங்க போனாங்க அத்த? பேப்பருக்குள்ள பூந்துட்டாங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

பின்னணி என்று நாம் அசட்டையாக ஒதுக்கும் ஒன்று, முன்னால் நிற்பவரின் முகத்தைத் தின்றுவிடும் வல்லமை கொண்டது. யாருடைய முகம் தின்னப்படுகிறது, யாருடைய வேட்டி தப்பிக்கிறது என்பது தற்செயலா? இந்தச் சின்ன வேலையை முன்வைத்துச் சிலவற்றைப் பேசலாம் என்று தோன்றுகிறது.

2

முதலில் இந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

வெட்டி ஒட்டும் நோட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்காகப் பரவியது. முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்காக அச்சிடப்பட்டது. 1870-ல் பிரிட்டனில் அரைப் பென்னித் தபால் கட்டணம் வந்த பிறகு வாழ்த்து அட்டைகள் வெள்ளமாய்ப் பெருகின. வண்ணக் கல்லச்சில் அடித்து, ஓரம் வெட்டிய பூக்களும் தேவதைகளும் ஜெர்மனியிலிருந்து ஏற்றுமதியாயின. அமெரிக்காவில் மார்க் ட்வைன், முன்கூட்டியே பசை தடவிய தாள்கள் கொண்ட ஸ்கிராப் புக்குக்கு 1873-ல் காப்புரிமை வாங்கினார். நாம் நாவலாசிரியராக அறிந்த மனிதர் பசை வியாபாரமும் செய்திருக்கிறார்.

பண்டிகை முடிந்ததும் மிச்சமான அட்டைகளை என்ன செய்வது? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பெண்கள் சங்கங்களும் அவற்றைத் துணித் தாள்களில் ஒட்டி, பொம்மைகளோடும் துணிமணிகளோடும் பெட்டியில் வைத்து இந்தியா போன்ற நாடுகளின் மிஷன் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பினார்கள். அங்கே தீர்ந்துபோன பண்டிகை இங்கே பரிசாக இறங்கியது. இந்த மண்ணில் முளைக்காத ஹோலிச் செடியும் இங்கே பெய்யாத பனியும் நம் கிறிஸ்துமஸுக்குள் வந்து சேர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று.

இதோடு நிறுத்தினால், 'மேற்கிலிருந்து வந்த கலாச்சார ஆதிக்கம்' என்று சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் காகிதத்தின் கதை அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் பூப்போட்ட காகிதம் செய்தவர்கள், துணி அச்சடிக்க வைத்திருந்த மரக்கட்டைகளையே காகிதத்தின் மேலும் வைத்து அடித்தார்கள். 'பருத்தித் துணிக் காகிதம்' என்பதே ஜெர்மன் மொழியில் அதன் பெயர். அந்தத் துணி அச்சோ, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன சாயத் துணிகளைப் பார்த்துப் போலி செய்தது. நம் கடற்கரை மணலில் வளரும் சாயவேரின் சிவப்புக்கு ஐரோப்பா மயங்கிக் கிடந்தது. மயக்கம் முற்றி, உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழ, பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து 1700-லும் 1721-லும் இத்துணிகளுக்குத் தடைச் சட்டம் போட்டன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இடிந்து நிற்கும் டச்சுக் கோட்டை அந்தத் துணி வியாபாரத்தின் எச்சம்தான்.

ஆக, கடைத்தெருவில் வாங்கிய அந்தச் சிவப்புத் தாளின் பூ, அந்நியப் பூ என்று தள்ளிவிட முடியாத பூ. இந்தக் கரையின் கைகள் போட்ட பூ கப்பலேறி, மரக்கட்டையாகி, காகிதமாகி, நடுவில் பனியையும் முள் இலையையும் சேர்த்துக் கொண்டு திரும்பியிருக்கிறது. போட்ட கைகளின் பெயர் மட்டும் திரும்பி வரவில்லை.

3

பெயர் விடுபடுவது காகிதத்தோடு நிற்பதில்லை. எங்கள் வட்டாரத்துக் கிறிஸ்தவத்தின் வரலாறும் இப்படிப்பட்ட ஒரு தாளில்தான் ஒட்டப்பட்டிருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோயில் அருகே மெல்ரோசாபுரம் என்றொரு ஊர். ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற ஊர்ப் பெயரைச் சுமப்பது. ஸ்காட்லாந்து சுயேச்சைத் திருச்சபையின் மிஷனரி ஆடம் ஆண்ட்ரு, நிலமற்ற பறையர் குடும்பங்களுக்காக 1890களில் உருவாக்கிய குடியிருப்பு அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்காட்லாந்துத் திருச்சபையினர் கிறிஸ்துமஸைக் கொண்டாடாதவர்கள். 1640-லேயே அங்கே அப்பண்டிகைக்கான விடுமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. டிசம்பர் 25 மறுபடி பொது விடுமுறையானது 1958-ல்தான். அவர்களிடம் ஞானஸ்நானம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் மூங்கில் தப்பை கட்டி, ஜிகினா ஒட்டி, ராத்திரி முழுக்கப் பஜனை பாடிக் கொண்டாடுகிறார்கள் என்றால், அந்த அலங்காரத்தை முழுவதும் மிஷனின் கணக்கில் எழுத முடியுமா? சனங்கள் தாங்களே தைத்துக் கொண்ட பண்டிகை இது.

மிஷனின் வரலாற்றுக் கதையாடலில் இது மாறிவிடுகிறது. இருண்டு கிடந்த சேரி, ஒளி கொண்டு வந்த வெள்ளைக்காரப் பாதிரியார், நன்றியோடு நிற்கும் குழந்தைகள். அக்கால மிஷன் படங்களில் பாதிரியாருக்குப் பெயர் இருக்கும். சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் 'நம் கிறிஸ்தவர்கள்' மட்டுமே. நன்றி என்பதுதான் இங்கே பூப்போட்ட தாள். அதன் மேல் வைத்ததும், அந்த மனிதர்கள் என்ன கேட்டு அங்கே வந்து நின்றார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அவர்கள் கேட்டது நிலம். செங்கல்பட்டுப் பகுதியில் மிராசு முறை வலுவாக இருந்தது. தரிசு நிலத்துக்குப் பறையர் ஒருவர் தர்க்காஸ்து போட்டால், மிராசுதாருக்கே முன்னுரிமை. சொந்தமாகக் குடிசை போட்டிருக்கும் மனையும் மிராசுதாரின் பிடியில். படியாளாக இருக்க மறுத்தால், வேதத்தில் சேர்ந்தால், 'மனையைக் காலி பண்ணு' என்ற ஒரு வார்த்தை போதும். இத்தனையையும் மீறி அவர்கள் மனுப் போட்டுக் கொண்டே இருந்தார்கள். ஆண்ட்ருவும் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கவுடியும் அந்தக் குரலை அரசிடம் கொண்டு போனார்கள். தற்காலிகக் கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர் 1891-ல் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய தன் புகழ்பெற்ற அறிக்கையை எழுதினார். 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்றும், எங்கள் ஊர்ப் பேச்சில் டி.சி. நிலம் என்றும் சொல்லப்படுவது அந்தக் கால்வழியில் வந்தது. முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியார் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது என்பது நிபந்தனை.

அதே காலத்தில் அயோத்திதாசர் 1891-ல் நீலகிரியில் மாநாடு கூட்டிக் கோரிக்கைகளை முன்வைத்தார். இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். இவர்களையும் பெயர் தெரியாத மனுதாரர்களையும் நடுவில் வைத்தால், கிறிஸ்துமஸ் பெட்டியும் பாதிரியாரும் ஓரத்துக்கு நகர்வார்கள். ஓரத்துக்கு நகர்வார்கள் என்றுதான் சொல்கிறேன், கிழித்தெறிய வேண்டும் என்று சொல்லவில்லை. மிஷன் தாள்கள் இல்லாவிட்டால் அந்த மனுக்களைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது இன்னும் குறைவாகவே இருந்திருக்கும்.

4

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். 'இதற்குத்தான் அடக்கமான வெள்ளைத் தாளில் ஒட்டியிருக்க வேண்டும். பகட்டுக் காகிதம் ரசனைக் குறைவு.' பேப்பரைப் பார்த்ததும் என் நாக்கு நுனியிலும் இதுதான் வந்தது. படித்த நாக்கு.

இந்த ரசனையின் வேரையும் தோண்டிப் பார்க்க வேண்டும். அலங்காரம் குற்றம் என்று 1910 வாக்கில் வியன்னாவில் முழங்கிய கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ், அலங்கார மோகத்தைப் பப்புவா பழங்குடியினரோடும் குற்றவாளிகளோடும் முடிச்சுப் போட்டார். நம் ஊரில் இதற்குத் தனித் தத்துவம் தேவைப்படவில்லை. 'பளிச்சுனு கட்டிக்கிட்டு வந்துட்டா பாரு' என்ற ஒரு வாக்கியத்துக்குள் சாதி முழுசாக உட்கார்ந்திருக்கிறது. நல்ல துணி உடுத்தக் கூடாது, நகை போடக் கூடாது என்று விலக்கி வைக்கப்பட்ட மக்களுக்குப் பூப்போட்ட நைலக்ஸ் புடவை வெறும் புடவையா? அம்மா அதைத் தவணையில் வாங்கினாள். கிறிஸ்துமஸ் அன்று தெருவில் இரண்டு முறை நடந்தாள், ஒரு முறை கோயிலுக்கு, ஒரு முறை சும்மா.

எனவே வெள்ளைத் தாள் நடுநிலையானது என்ற நம்பிக்கையை நாம் கைவிட வேண்டும். பூக்களைத் துடைத்தெறிவது அம்மாவின் புடவையையும் துடைத்தெறிவதில் போய் முடியும். பூவுக்கும் முகத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு என்பதைப் போட்டோவை வைத்து வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

5

அப்படியே பார்த்தோம். மூன்று தாளில் அதிகம் கத்துகிற சிவப்பை மட்டும் வைத்துக் கொண்டோம். மற்ற இரண்டும் நோட்டுக்கு அட்டை போடப் போயின. சிவப்புத் தாளையும் பக்கம் முழுக்க ஒட்டாமல் மூன்று விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, இடப்பக்கமும் அடியிலும் ஓட்டினோம். போட்டோவின் நான்கு பக்கமும் அரை விரல் தெரியும்படி வெள்ளை அட்டை ஒன்றை அடியில் கொடுத்தோம். அந்த அரை விரலில் அம்மா திரும்பி வந்தாள். ஸ்டாரின் நிறம் மஞ்சள் என்பதால் அதே மஞ்சளில் சின்ன மூலைகள் வெட்டிப் போட்டோவைச் செருகினோம்; நேராகப் பசை தடவினால் அசல் போட்டோ பாழாகிவிடும். மைதாப் பசைக்குக் கரப்பான் வரும், செலோடேப் நாளாக ஆகப் பழுப்பேறும் என்பதால் இரண்டையும் தொடவில்லை.

"அடுத்த வருஷ போட்டோவும் இருக்கா அத்த? பக்கத்துல ஒட்டலாம்" என்றாள். இல்லை. 1994-ல் எங்கள் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. அந்த வருஷம் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். அன்று கூட்டத்தில் இருந்த அப்பா இரவு வெகுநேரம் கழித்து ஒற்றைச் செருப்போடு வந்தார். ஒரு பெயர் கிறிஸ்தவப் பெயர், இன்னொன்று இந்துப் பெயர். மிஷன் வரலாற்றில் முழுசாக ஒட்ட முடியாத இரண்டு பெயர்கள். நிலத்தின் வரலாற்றில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை. போட்டோ இல்லாத அந்த இடத்தை அவளிடம் சொல்லி வெறுமனே விட்டோம்.

கடைசியாக நான்கு வரி. ஆயா பெயர், தாத்தா பெயர், தேதி எழுதி முடித்தாள். போட்டோவில் பனைமரத்துக்குப் பின்னால் தெரிகிற நிலத்தைக் காட்டி, "இது யாருது?" என்று கேட்டாள். என் தாத்தாவின் டி.சி. பட்டா நிலம். கடனுக்குக் கைமாறியது. இன்று அங்கே எல்லைக் கல் நட்டு, கலர் கொடி கட்டி, மனை போட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கொடிகளும் திருவிழா போலத்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் சொன்னேன்.

பென்சிலை வைத்துக் கொண்டு யோசித்தாள். "'பின்னால் தெரிவது எங்கள் நிலம்'னு எழுதணுமா, 'எங்கள் நிலமாக இருந்தது'ன்னு எழுதணுமா?"

பட்டாவின் நிபந்தனைப்படி அந்த விற்பனை செல்லாது. "எங்கள் நிலம்னே எழுதும்மா" என்றேன். பென்சிலில் எழுதியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதன் மேலேயே பேனாவால் எழுதினாள்.