அணையாடையும் அரசிறையும்: ஒரு வரலாற்று நோக்கு

பெண்ணொருத்தி பூப்பெய்தும் பருவந் தொடக்கம் மாதவிலக்கு முற்றாக நிற்கும் பருவம் வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் செல்கின்றன. திங்களுக்கு ஐந்து நாள் எனக் கொள்ளின், ஆண்டொன்றுக்கு 60 நாளும் நாற்பதாண்டுக்கு 2,400 நாளும் ஆகும். அஃதாவது ஆறரை ஆண்டுக்குச் சற்றே மிகுந்த காலம். மகப்பேற்றுக் காலங்களைக் கழித்துவிடினும் இத்தொகை சிறிதன்று. அந்நாள்களில் அவளுக்கு இன்றியமையாது வேண்டப்படுவன தூய துணியும், போதிய நீரும், மறைவான இடமுமாம். இம்மூன்றும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே தன்மையாகக் கிடைத்தனவா என்னும் வினாவை நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுப்பவில்லை. மன்னர் முடிசூடிய ஆண்டுகளையும் படைகள் பொருத களங்களையும் நுணுகி ஆராய்ந்தோர், மக்களிற் பாதிப்பேரது வாழ்வைத் திங்கள்தோறும் தொட்ட இப்பொருளைக் கூச்சத்தால் விடுத்தனர் போலும். அக்கூச்சந்தானும் ஆராயத்தக்க வரலாற்றுப் பொருளேயாகும். பேசாது விடப்பட்டதொன்று காலப்போக்கில் எங்ஙனம் விலையாகவும் வரியாகவும் மாறி, வறிய பெண்கள்மேற் சுமையாக ஏறிற்று என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழர் இதனைப் பேசக் கூசினாரல்லர். தொல்காப்பியம் கற்பியலில், பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரு நாளுந் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் ஆகாதென்று இலக்கணமே வகுத்துள்ளது. புறநானூற்றுப் பாடலொன்றோ, முருகன் கோட்டத்திற் கலங்களைத் தீண்டாது ஒதுங்கி நிற்கும் மகளிரை உவமையாக எடுத்தாளுகின்றது. விலகியிருக்கும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையதென்பது பின்னதனாற் புலனாகும். இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதுமன்று. கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்பார், மாதவிலக்குற்ற பெண் அணுகினாற் புது மது புளிக்கும் என்றும், பயிர்கள் பட்டுப்போகும் என்றும் எழுதிவைத்தார். அதற்குப் பதினெட்டு நூற்றாண்டு கழித்து, 1920 ஆம் ஆண்டில், பேலா ஷிக் என்னும் வியன்னா நகர மருத்துவ அறிஞர், அத்தகைய பெண்ணொருத்தியின் கையில் மலர்கள் விரைந்து வாடக் கண்டதாகக் கூறி, அவளுடலில் நஞ்சொன்று சுரக்கின்றதென்று ஒரு கொள்கையை வெளியிட்டார். அக்கொள்கை பின்னர் நிலைபெறவில்லை. எனினும், ஒரு காலத்திற் சமயத்தின் பெயராற் சொல்லப்பட்டது பிறிதொரு காலத்தில் விஞ்ஞானத்தின் பெயராற் சொல்லப்பட்டமை நாம் கருதத்தக்கது.

இனி யாழ்ப்பாணத்து நிலையை நோக்குவாம். இங்கே பெண்பிள்ளை பக்குவமடைந்தால் அது மங்கல நிகழ்ச்சியாகும். நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுத்து உடலைத் தேற்றுவர். நன்னாள் பார்த்து நீராட்டுவர். சுற்றத்தாரை அழைத்துச் சாமத்தியச் சடங்கு நடத்துவர். ஊட்டம் வேண்டிய வேளையில் ஊட்டமளிக்கும் இம்முறையில் நம் பாட்டிமாரின் மருத்துவ அறிவு விளங்குகின்றது. ஆயின், முதலாம் பூப்பை ஊரறியக் கொண்டாடும் நாம், அடுத்த திங்கள் தொடங்கி அதனை உடன்பிறந்தானும் அறியாவண்ணம் மறைக்குமாறு அதே பிள்ளைக்குக் கற்பிக்கின்றோம். பழஞ்சேலையைக் கிழித்த துணி, வெயில்படும் கொடியில் உலரவேண்டியிருக்க, கோடிப்புறத்து இருளில் பிறர் துணிக்குக் கீழே ஈரத்துடன் மறைந்து கிடந்தது. துணி குற்றமுடையதன்று, நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய துணி தூயதே. அதனை நோய்க்கு இடமாக்கியது மறைப்பேயாம்.

துணிக்கு அடுத்தது நீர். துடக்குத் துணிகளை வெளுத்துக் கொடுப்பதும் மாற்றுச் சேலை வழங்குவதும் கட்டாடிமாரின் குலத்தொழிலாக விதிக்கப்பட்டிருந்தன. ஒருத்தியின் துடக்கு மூன்று நாளில் நீங்க, அதனைத் துவைத்தவளின் தாழ்வு வாழ்நாள் முழுதும் நீங்காதிருந்தது. அக்கட்டாடிமாரின் ஊழியந்தானும் எல்லாக் குலத்தார்க்கும் கிடைத்ததன்று. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்களுக்கு ஊர்ப் பொதுக்கிணற்றில் நீரள்ளும் உரிமையும் மறுக்கப்பட்டது. பிறர் அள்ளி வார்க்கும்வரை குடத்துடன் கிணற்றடியிற் காத்து நின்ற பெண், அந்நாள்களிற் குளிப்பதற்கும் துணி அலசுவதற்கும் எத்துணை நீரைக் கேட்டிருப்பாள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இத்தகைய மறுப்புகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. மலையகத்திலோ நிலைமை வேறுவகையிற் கொடிது. குடும்பம் முழுவதும் ஒற்றை அறையில் வாழும் லயங்களில் மறைவிடம் என்பது அரிது. காலை முதல் மாலை வரை கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு மலைச்சரிவில் மலசலகூடமும் இல்லை. சாதியும் தொழிலும் வறுமையும் ஒருங்கே கூடி, உடலியற்கை ஒன்றையே பெண்ணுக்குப் பெண் வேறுபட்ட துன்பமாக்கின என்பது இவற்றால் அறியக்கிடக்கின்றது.

மேலைநாடுகளிலும் இப்பேசாமை கேடு விளைத்தது. அது முதலிற் கல்வியைத் தாக்கிற்று. 1873 ஆம் ஆண்டில் எட்வேட் கிளாக் என்னும் அமெரிக்க மருத்துவர், மாதவிலக்குக் காலத்தில் மூளைக்கு வேலை கொடுத்தாற் பெண்ணின் உடல் கெடும் என்றும், ஆதலால் ஆடவர்க்குரிய உயர்கல்வி அவளுக்கு ஏற்றதன்று என்றும் நூலெழுதினார். அவருக்கு மறுப்பாக எழுந்தது மேரி புட்னம் ஜக்கோபி என்னும் பெண் மருத்துவரின் ஆராய்ச்சி. அவர் வாதத்துக்கு வாதம் தொடுத்து நிற்கவில்லை. பெண்களிடமே வினாக்களை அனுப்பி விடை பெற்றார். நாடித்துடிப்பையும் உடல் வலிமையையும் அளந்து பார்த்தார். நலமுள்ள பெண்ணுக்கு அந்நாள்களில் வேலையையோ படிப்பையோ நிறுத்தவேண்டிய கட்டாயம் இல்லையென நிறுவினார். அக்கட்டுரைக்கு ஹாவாட் பல்கலைக்கழகம் 1876 ஆம் ஆண்டிற் பொயில்ஸ்ரன் பரிசை வழங்கிற்று. கிளாக் பெண்களைப் பற்றிப் பேசினார். ஜக்கோபி பெண்களைப் பேசவைத்தார். இருவர் முடிபும் வேறுபட்டமைக்குக் காரணம் இதுவேயென்க.

அடுத்து, பேசாமை வணிகத்துட் புகுந்த வகையைக் காண்போம். 1896 ஆம் ஆண்டளவில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் லிஸ்ரர் துவாய் என்னும் பெயரிற் சுகாதாரத் துவாய்களை விற்பனைக்குக் கொணர்ந்தது. கடையிற் பலர் காணக் கேட்டு வாங்கப் பெண்கள் நாணினமையால் அம்முயற்சி வெற்றி பெறவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில், புண்களுக்குக் கட்டுவதற்காக மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட, பஞ்சினும் மிகுதியாக ஈரம் உறிஞ்சும் பொருளொன்று போர்முனை மருத்துவமனைகளிற் பயன்பட்டது. அங்கிருந்த தாதியர் அதனைத் தம் மாதத் தேவைக்கும் பயன்படுத்தலாயினர். போர் முடிந்து, கட்டுத்துணிக்கு வேண்டுவார் குறைந்தபோது, அதனைச் செய்த கிம்பளி-கிளாக் நிறுவனம் 1920 இல் கோட்டெக்ஸ் என்னும் துவாயை வெளியிட்டது. நாணத்தைக் கடக்க வணிகர் கண்ட உபாயம் வியப்புக்குரியது. பொருளின் பெயரைக் கேட்கவேண்டாதபடி, கடைமேசையில் அடுக்கிவைத்த பொதியொன்றை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள பெட்டியிற் காசை இட்டுச் செல்லலாம் என ஏற்பாடு செய்தனர். காசுடையவளுக்கு இது பெரிய வசதியே. காசில்லாதவளுக்கோ எடுப்பதற்கும் வழியில்லை, கேட்பதற்கும் வாயில்லை.

வாய்திறந்து பேரம் பேசாத பொருளின்மீது வரி விதித்தல் அரசுக்கு எளிது. பிரித்தானியா 1973 இற் பெறுமதிசேர் வரியை நடைமுறைப்படுத்தியபோது சுகாதாரத் துவாய்களும் அதனுள் அடங்கின. 2001 இல் அவ்வரி 5 வீதமாகக் குறைக்கப்பட்டு, 2021 சனவரியிலேயே முற்றாக நீங்கிற்று. இந்தியாவில் 2017 யூலையிற் பொருள் சேவை வரி வந்தபோது, குங்குமத்துக்கும் கண்ணாடி வளையலுக்கும் வரிவிலக்கு அளித்தோர் சுகாதாரத் துவாய்க்கு 12 வீத வரி விதித்தனர். பெண்ணுக்கு இன்றியமையாதது எது என்று பட்டியல் வகுத்தோர் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு இதுவே சான்று. கண்டனம் எழுந்தபின் 2018 யூலையில் அவ்வரி நீக்கப்பட்டது. நம் இலங்கையில், 2018 செத்தெம்பர் வரை, இறக்குமதியாகும் துவாய்கள்மீது பல்வகை வரிகளும் கூடி 101.2 வீதமாயிருந்தன. நூறு ரூபாப் பொருளுக்கு அதனினும் மிகுந்த தொகை வரியாயிற்று. அவ்வாண்டிற் குறைக்கப்பட்ட பின்னரும் அது 62.6 வீதமாக நின்றது. மேலுஞ் சில குறைப்புகள் பின்னர் வந்தன. செல்வர் வீட்டுப் பெண்ணும் தோட்டத் தொழிலாளியின் மகளும் ஒரே வரியைச் செலுத்தினர். முன்னவளுக்கு அது தெரியாத செலவு, பின்னவளுக்கு அது ஒருவேளை உணவு.

இவ்வரலாற்றில் மாற்றம் நிகழ்ந்த இடமெல்லாம் யாரோ ஒருவர் வாய்திறந்து பேசிய இடமாகவே காணப்படுகின்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், தம் மனைவி அழுக்குத் துணியை மறைத்தெடுத்துச் செல்வதைக் கண்டு, குறைந்த செலவில் துவாய் செய்யும் முயற்சியை 1998 இல் தொடங்கினார். செய்த துவாயை அணிந்து பார்த்துக் கருத்துச் சொல்லப் பெண்கள் நாணினமையால், விலங்கின் குருதி நிரப்பிய பையொன்றைத் தாமே கட்டிக்கொண்டு சோதித்தார். ஊரார் நகைத்தனர், குடும்பத்தினரும் சிலகாலம் பிரிந்தனர். பின்னர் அவர் அமைத்த சிறு பொறிகள் மகளிர் குழுக்கள் பலவற்றுக்குப் பிழைப்பாயின. 2016 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருதளித்தது. தமிழ்நாட்டரசு 2012 முதல், நாட்டுப்புறத்து இளம்பெண்களுக்கும், அரசினர் மருத்துவமனைகளில் மகப்பேறுற்ற தாய்மாருக்கும், சிறைப்பட்ட மகளிருக்கும் துவாய்களை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆபிரிக்காவில் கென்யா 2004 இலேயே துவாய் வரியை நீக்கி, 2017 இற் பாடசாலை மாணவியருக்கு அவற்றை இலவசமாக வழங்குதலைச் சட்டமாக்கிற்று. ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம், மொனிக்கா லெனன் என்னும் உறுப்பினர் கொணர்ந்த சட்டத்தை 2020 நவம்பரில் எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. தேவைப்படுவோர் யாவரும் விலையின்றிப் பெறும் வகை செய்யும் அச்சட்டம் 2022 ஓகத்தில் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டுக் கல்வி வரலாற்றோடு இதனைப் பொருத்திப் பார்த்தல் நலம். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் இலவசப் பாடநூல் வந்தது. 1993 இல் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. சீருடைக்குத் துணி வேண்டுமென உணர்ந்த அரசு, அச்சீருடையிற் கறை படுமோவென அஞ்சி வீட்டில் நின்றுவிடும் பிள்ளைக்கு வேண்டிய துணியை உணர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 2024 இலேயே, வசதி குறைந்த பாடசாலைகளின் ஏறக்குறைய 8 இலட்சம் மாணவியருக்கு ஆண்டொன்றுக்கு 1,200 ரூபா பெறுமதியான உறுதிச்சீட்டு வழங்கும் திட்டம் வந்தது. திங்களுக்கு நூறு ரூபா என்பது நிறைவான தொகையன்று. எனினும், பாடநூலும் சீருடையும் போல இதுவும் கல்விக்குரிய பொருளென அரசு ஒப்புக்கொண்டமை பெரிதே.

‘எங்கள் தாய்மார் இவையெல்லாம் இன்றி வாழவில்லையா?’ என வினவுவோர் உளர். வாழ்ந்தனர், ஆயின் அவர்கள் பட்ட துன்பத்தை எவரும் எழுதிவைக்கவில்லை. கடைத்துவாய்கள் குப்பையாய்க் குவிகின்றன என்பாரின் கூற்றில் உண்மையுண்டு. துவைத்துப் பயன்படுத்தும் துணியே சிறந்தது என்பாரையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் துணியை விரும்புவோருக்கு நீரும் வெயிலும் கூசாத மனமும் வேண்டும். துவாயை விரும்புவோருக்கு அதற்குரிய பணம் வேண்டும். இரண்டிலொன்றைத் தெரிந்தெடுக்கும் நிலை எல்லாப் பெண்களுக்கும் வாய்த்தல் வேண்டுமென்பதே நம் கருத்து.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை ஆசிரியராவர், சிலர் மருத்துவராவர், சிலர் வரிப்பட்டியல் வகுக்கும் அலுவலராவர், பெரும்பாலார் தந்தையராவர். இனப்பெருக்கத் தொகுதிப் பாடம் வரும்போது, ‘இதனை வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்’ என்று ஏட்டைப் புரட்டிவிடும் வழக்கம் நம் வகுப்பறைகளினின்றும் நீங்குதல் வேண்டும். கலவன் பாடசாலைகளிலும் மகளிர் பாடசாலைகளிலும், உள்ளே தாழிடத்தக்க கதவும் குழாய்நீரும் உடைய அறையொன்றும், அதனுள் காசுப்பெட்டி இல்லாத துவாய்ப் பெட்டியொன்றும் இருத்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் விளையாட்டரங்குக்கும் மணிமண்டபத்துக்கும் நிதி திரட்டுகின்றன. அயற் பாடசாலையொன்றில் இத்தகைய அறை உண்டா என ஒருமுறை கேட்டறிதல் அவற்றுக்கு அரிய செயலன்று. கேட்கக் கூசாதிருத்தலே அதற்கு முதலில் வேண்டப்படுவது.