தோட்டத்துத் தாய்மாருக்குத் துணை நின்றவர்கள்

பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலை மலைக்குக் காரில் ஏறுகிறவர்கள் படம் எடுத்து, ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இதே மலையில் பிள்ளை பெறுவது ஒரு காலத்தில் எத்தனை பெரிய கண்டமாக இருந்தது என்பதை அந்தப் பச்சைச் சரிவுகள் சொல்வதில்லை.

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலை திறந்தது 1931-இல். சுமார் 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. நள்ளிரவில் வலி கண்டு இரத்தப்போக்கு நிற்காத பெண்ணை அந்தச் சாலையில் இறக்குவது என்றால்? ஆகவே லயத்திலேயே பேறு பார்த்தார்கள். அனுபவப்பட்ட கிழவிதான் மருத்துவச்சி. பக்கத்து வீட்டுக்காரிதான் வெந்நீரும் பத்தியச் சாப்பாடும். தாய் கொழுந்து பறிக்கத் திரும்பியதும் பிள்ளையை ஏந்திக்கொண்டது ஆயாக் கொட்டகை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் பிரசவ உதவித்தொகைக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் இடம் இருந்தது. ஆனால் தாய்க்கு 12 வார ஓய்வு வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வாஷிங்டனில் ஒப்பந்தம் செய்தது 1919-இல்! மலாயாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமே 60 நாள்தான் தந்தது. அந்த உதவித்தொகையும் ஐந்து பிள்ளைகளோடு நின்றது.

சுதந்திரத்தையொட்டி அரசாங்கம் செய்த காரியம் மெச்சத்தக்கது. கம்பத்துக்குக் கம்பம் தாதியர் நிலையங்கள் எழுந்தன. பழைய கம்பத்து மருத்துவச்சிகளை விரட்டாமல், 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து, பயிற்சி கொடுத்து, ஆபத்தான பேறு என்றால் தாதியைக் கூப்பிடும் துணையாக்கிக் கொண்டார்கள். 1950-இல் இலட்சம் பிறப்புக்கு 500-க்கும் மேல் இருந்த தாய் மரணம், 1990-களில் 50-க்குக் கீழே வந்தது. இந்த வெற்றியையும் இலங்கையின் வெற்றியையும் சேர்த்து ஆராய்ந்து, இந்திரா பத்மநாதன் குழுவினர் எழுதிய நூலை 2003-இல் உலக வங்கி வெளியிட்டது.

இந்த ஏற்பாட்டில் தோட்டம் எங்கே? இங்கேதான் வலிக்கிறது. தோட்டம் தனியார் நிலம். அங்கே மருத்துவம் முதலாளியின் பொறுப்பு என்று ஒதுக்கப்பட்டது. கம்பத்துப் பெண்ணின் வாசலுக்குத் தாதி வந்தாள். லயத்துப் பெண்ணுக்குத் தோட்டத்து டிரெசர்தான். அவருக்கும் மேலே துரை. லயத்துக் கிழவிகள் கைவிடாமல் இருந்ததால்தான் பல பிள்ளைகள் தாயோடு வளர்ந்தன என்றால் அது மிகையல்ல.

1980-களின் இறுதியில் கர்ப்பிணிகளின் அட்டையில் வண்ண ஒட்டுத்தாள் வந்தது. வெள்ளை என்றால் தாதியே பார்ப்பார். பச்சை, மஞ்சள் என்றால் மருத்துவரும் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத மாமியாருக்கும் சிவப்பு புரியும். எளிய யோசனைதான், ஆனால் எத்தனை உயிர்! தானா ராத்தா மருத்துவமனை பிரிஞ்சாங்குக்குப் பக்கம். சிக்கல் முற்றினால் மலை இறங்கியே ஆக வேண்டும்.

2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 98 நாள். கர்ப்பிணியை வேலைநீக்கம் செய்யவும் தடை உண்டு. ஆனால் இன்று இந்த மலையில் வேலை செய்கிறவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். வெளிநாட்டுப் பெண் தொழிலாளியின் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பச் சோதனையும் உண்டு. கருவுற்றால் பெர்மிட் போய்விடும். அரசு மருத்துவமனையில் அவளுக்குக் கட்டணமும் அதிகம். பயந்து கிளினிக்குப் பக்கமே போகாதவளின் பெயரில் அட்டை கிடையாது. சிவப்புத்தாள் ஒட்ட இடமும் இல்லை.