உருளைக்கிழங்கு வறுவலும் மரக்காணத்து உப்பும்

இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு பண்டத்தின் பேர் அடிக்கடி காதில் விழுகிறது: 'லோடட் ஃப்ரைஸ்'. நீளநீளமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு. அதன்மேல் மெலிதாகச் சீவி வதக்கிய இறைச்சி. அதற்கும் மேலே உருகிய சீஸ். பிரம்மதேசம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இதைப் பார்த்து, "இதெல்லாம் நம்ம சாப்பாடா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அந்தத் தட்டில் இருப்பது ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதலில் உருளைக்கிழங்கு. இது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்களின் பயிர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். மராத்திக்காரர்கள் இன்றும் 'பட்டாட்டா' என்றுதான் சொல்கிறார்கள். நாம் அந்தப் பேரை எடுத்துக்கொள்ளாமல், உருண்டையாக இருந்ததால் உருளைக்கிழங்கு என்று நாமே பேர் வைத்துவிட்டோம்.

தமிழ்நாட்டில் அது வேர்விட்டது நீலகிரியில். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். ஊட்டியில் வீடு கட்டிக்கொண்டு, சீமைக் காய்கறிகளைப் பயிரிட வைத்தார். நம் தாத்தா பாட்டி காலத்தில் உருளை, கோஸ், கேரட்டுக்கெல்லாம் 'இங்கிலீஷ் காய்' என்றுதான் பேர். பல வீடுகளில் திவசச் சமையலில் இன்றும் இவற்றைச் சேர்ப்பதில்லை. பச்சை மிளகாய்க்கும் அங்கே இடமில்லை, மிளகுதான். திவச அடுப்பு ஒரு பழைய சரித்திரப் புத்தகம் மாதிரி. எது பிறகு வந்தது என்பதை அது மறக்கவே இல்லை.

ஊட்டி உருளைக்கு ஒரு சோதனையும் வந்தது. 1961இல் நீலகிரி மண்ணில் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது தெரியவந்தது. வேரில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் நுண்ணிய புழு அது. பல வருடங்கள் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். அதைத் தாங்கக்கூடிய 'குஃப்ரி ஸ்வர்ணா' என்ற ரகம் 1985இல் வெளிவந்தது. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக நமக்கு வந்த கிழங்குக்குப் பின்னால் இவ்வளவு பாடு இருக்கிறது.

இனி பொரியல். கிழங்கை நீளமாக வெட்டி எண்ணெயில் பொரித்தது முதலில் பெல்ஜியமா, பிரான்ஸா என்று அந்த இரண்டு நாட்டாரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆரம்பத்தில் பிரெஞ்சுக்காரர்களே கிழங்கைக் கண்டு பயந்தவர்கள்தான். அது நோயைக் கொண்டுவரும் என்று 1748இல் அங்கே தடைகூடப் போட்டார்கள். பார்மாந்தியே என்ற மருந்தாளர் பிரஷ்ய நாட்டில் போர்க்கைதியாக இருந்தபோது அதைத் தின்றே உயிர் பிழைத்தவர். ஊர் திரும்பி அதற்காக விடாமல் வாதாடினார். 1772இல் பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் கிழங்கை உண்ணலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, வாட்டிய மாட்டிறைச்சியும் பொரித்த கிழங்கும் அவர்களுடைய அன்றாடச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. நமக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை அவர்கள் கையில் இருந்தது. அங்குள்ள பிரெஞ்சு உணவகங்களில் இந்த ஜோடி இன்றும் கிடைக்கிறது.

சீஸைச் சேர்த்தது அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். ஃபிலடெல்ஃபியாவில் 1930இல் பாட் ஒலிவியேரி என்ற தெருக்கடைக்காரர் சீவிய இறைச்சியை ரொட்டியில் வைத்து விற்றார். சீஸ் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. 1950களில் கனடாவின் கியூபெக்கில் பொரித்த கிழங்கின்மேல் சீஸைத் தூவினார்கள். இரண்டையும் சேர்த்தாற்போல இருப்பதுதான் பிள்ளைகள் கேட்கும் பண்டம். சீஸுக்கும் நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்து ஆரோவில்லிலேயே செய்கிறார்கள்.

வீட்டில் செய்வது கஷ்டமில்லை. கிழங்கை விரல் கனத்துக்கு நறுக்கி அரைமணி நேரம் தண்ணீரில் போட்டால் மேல் மாவு போய்விடும். ஈரம் போகத் துணியில் ஒற்றிக்கொண்டு, மிதமாகக் காய்ந்த எண்ணெயில் நிறம் மாறாமல் ஒருமுறை வேகவிட்டு எடுக்க வேண்டும். ஆறியதும், நன்றாகக் காய்ந்த எண்ணெயில் மறுமுறை பொரித்தால் மொறுமொறுப்பு நிற்கும். இறைச்சி அவரவர் வீட்டு வழக்கம். மாடோ, ஆடோ, எலும்பில்லாத கறியை நாருக்குக் குறுக்கே மெலிதாகச் சீவினால்தான் மெத்தென்று இருக்கும். வெங்காயமும் மிளகும் போட்டு, கனத்த கல்லில் வதக்கிக் கிழங்கின்மேல் பரப்பி, சீஸைத் துருவி இரண்டு நிமிடம் மூடிவைத்தால் போதும். உப்பைக் கடைசியில் தூவவேண்டும்.

அந்த உப்புதான் இந்தத் தட்டிலேயே நம் மண்ணுக்குச் சொந்தமானது.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அங்கே வந்த பாணர்களுக்குப் பரதவர் வீட்டில் சுட்ட குழல் மீனும் பழைய கள்ளும் கிடைத்ததாம். சுட்டதைத் தின்று விருந்து கொண்டாடுவது இந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? உமணர்கள் உப்பு வண்டி ஓட்டிப்போய் நெல்லுக்கு மாற்றிய கதையும் சங்கப் பாடல்களில் இருக்கிறது. 1805இல் சென்னை மாகாணத்தில் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை நம் மரக்காணம். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை போனார். ஒரு கைப்பிடி உப்புக்காக இத்தனை நடந்திருக்கிறது.

ஆனால் அளத்தில் பாடுபடுகிறவர் நிலை? கோடையில்தான் வேலை. பாத்தியில் நீர் கட்டி, வெயிலில் காயவிட்டு, பலகையால் வாரிக் குவிக்க வேண்டும். கண் கூசும், பாதம் வெடிக்கும். வடகிழக்கு மழை தொடங்கினால் மாதக்கணக்கில் வருமானம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது மரக்காணம் அளங்கள் நீரில் மூழ்கிக் கிடந்ததை நாம் பார்த்தோம்.

ஆகவே, பிள்ளைகள் இதைக் கேட்டால் திட்டாதீர்கள். ஆண்டிஸ் கிழங்கை மசாலாவாக்கித் தோசைக்குள் வைத்துச் சாப்பிட்டவர்கள்தானே நாம்! எப்போதாவது ஒருநாள் சேர்ந்து செய்து, நீங்களும் நாலு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ள நம் வயதுக்காரர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். கடைசியில் உப்பைத் தூவும் வேலையை மட்டும் பேரன் கையில் கொடுத்து, அது எந்த ஊரிலிருந்து வருகிறது, யார் வாரியது என்று சொல்லிக்கொடுங்கள். கிழங்கின் கதையை அவன் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்வான். அளத்தின் கதையை நாம்தான் சொல்லவேண்டும்.